பொதி சுமக்கிறவர்கள்: கட்டற்ற கோப்பு வழங்கிகளின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

ஆசிரியன் செத்துப்போனான் என்று ரோலான் பார்த் 1967இல் எழுதியதை நம் சிற்றிதழ்கள் ஏறக்குறைய இருபது வருஷம் கழித்துக் கண்டெடுத்து, அடுத்த பத்து வருஷம் அதையே பேசித் தீர்த்தன. ஆசிரியன் எழுந்துபோன நாற்காலியில் வாசகனை உட்காரவைத்தோம். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்த ஒரு கூட்டத்தை அப்போதும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓலை செல்லரிப்பதற்குள் புது ஓலையில் பெயர்த்து எழுதியவர்கள், அச்சுக் கோத்தவர்கள், மெய்ப்புத் திருத்தியவர்கள், கட்டுக் கட்டித் தபாலாபீசுக்குத் தூக்கிப் போனவர்கள். சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் 1887இல் அச்சுக்குக் கொண்டுவந்த கதை நமக்கு மனப்பாடம். அவர்கள் கைக்கு வந்து சேரும்வரை அந்த ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து உயிரோடு வைத்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு நம் இலக்கிய வரலாற்றில் பெயர் இருக்கிறது?

இந்தக் கேள்வியை இலக்கியத்துக்கு வெளியே, நாம் அதிகம் எட்டிப்பார்க்காத ஓரிடத்தில் வைத்துக் கேட்டுப் பார்க்க நினைக்கிறேன். மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று உரிமம் கொடுத்துவிட்ட கட்டற்ற மென்பொருள்களின் வரலாறு அது. அதிலும் குறிப்பாக, கோப்பு வழங்கி என்று நாம் தமிழில் சொல்கிற ஃபைல் சர்வரின் வரலாறு. அதன் முக்கியமான ஓர் அத்தியாயம் காவேரிப்பட்டினத்திலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் வருகிற பெங்களூரில் எழுதப்பட்டது. அதைத் தொடங்கியவர் தமிழ்நாட்டில் படித்தவர். இன்னொரு காரணமும் உண்டு. 'பொதுச்சொத்து' என்ற சொல்லை நாம் ரொம்பச் சுலபமாக உச்சரித்துவிடுகிறோம். அதை யார் கட்டிக் காப்பது, அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்கிற விஷயம் இந்த வரலாற்றில் பச்சையாகத் தெரிகிறது.

2

கோப்பு வழங்கியில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மாங்கூழ் ஆலைக்கு லேபிள் எல்லாம் அங்கேதான். முன்னால் மூன்று கணினி. மூலையில் திரைகூட இல்லாமல் தூசி படிந்து ஒரு பழைய பெட்டி. மூன்று பேர் சேமிக்கிற கோப்பும் அந்தப் பெட்டியில்தான் போய் உட்காரும். ஆனால் அவரவர் திரையில் அது தன் கணினிக்குள்ளேயே இருக்கிற இன்னொரு டிரைவ் மாதிரி தெரியும். ஒருத்தர் தொடங்கிய பக்கத்தை இன்னொருத்தர் முடிப்பார். "அது பாட்டுக்கு ஓடுதுங்க, அதைத் தொடறதேயில்ல" என்றார் கடைக்காரர்.

பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். முன்னால் இருக்கும் விண்டோஸ் கணினிகளோடு அவற்றின் பாஷையிலேயே அது பேசக் காரணம் சாம்பா என்கிற மென்பொருள். அந்தப் பெயரைக் கடைக்காரர் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட வேண்டிய அவசியமே வராதபடி வேலை செய்வதுதான் இந்த வகை மென்பொருளின் வெற்றி. அதற்கு நேரும் கதியும் அதனால்தான். ஓடுகிறவரை ஒருத்தருக்கும் அது கண்ணில் படாது.

3

அந்தக் கணினிகள் பேசிக்கொள்கிற பாஷைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் வகுத்தது. பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்து, விண்டோஸின் ஆதாரங்களில் ஒன்றாக்கிக்கொண்டது. யுனிக்ஸ் இயந்திரங்களின் பக்கம் சன் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த என்.எஃப்.எஸ். புழங்கியது. ஒரு பக்கத்துப் பேச்சு மறு பக்கத்துக்குப் புரியாது. புரியாமல் இருப்பதில் சிலருக்கு லாபமும் இருந்தது.

1991 டிசம்பர். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், தன் டாஸ் கணினியிலிருந்து துறையின் யுனிக்ஸ் இயந்திரத்திலுள்ள கோப்புகளை எடுக்க நினைத்தார். டிஜிட்டல் கம்பெனியின் பாத்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கையில் இருந்தது. அது தன் கம்பெனி சர்வரோடுதான் பேசும். கம்பியின் வழியே இரண்டு பக்கமும் என்ன பேசிக்கொள்கின்றன என்று ஒட்டுக்கேட்டு, அதே பதில்களைத் தானும் சொல்லுகிற ஒரு நிரலை எழுதி, 1992 ஜனவரியில் இணையத்தில் விட்டார். தான் எழுதியது எந்த நெறிமுறை என்றே அப்போது அவருக்குத் தெரியாது. ஏறக்குறைய இரண்டு வருஷம் கிடப்பில் போட்டுவிட்டு, மனைவியின் கணினியைத் தன் லினக்ஸ் கணினியோடு இணைக்கப் போனபோதுதான் அதன் வீச்சு விளங்கியது. முதலில் வைத்த பெயருக்கு வேறொரு கம்பெனி வணிக உரிமை கோரவே, எஸ், எம், பி மூன்றெழுத்தும் அதே வரிசையில் வருகிற சொற்களை அகராதிக் கோப்பில் தேடினார். கிடைத்தவற்றுள் ஒன்று சாம்பா.

தாம் செய்ததைப் பின்னாளில் அவர் ஒரு உவமையால் விளக்கினார். பாஷை தெரியாத ஊரின் ஓட்டலில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் பரிமாறுகிறவர் எதைக் கொண்டுவந்து வைக்கிறார் என்று கவனித்தே மொழியைக் கற்றுக்கொள்வது போல என்று. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதுசில்லை. ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற பையன் கன்னடமும் தெலுங்கும் இப்படித்தான் கற்கிறான். அவனுக்கு இலக்கணம் யார் சொல்லித் தருகிறார்கள்? இலக்கணத்தைக் கையில் வைத்திருப்பவர் அதைத் தர மறுக்கும்போது, கீழே இருப்பவருக்குக் காது மட்டுமே கருவி.

தர மறுத்தது வழக்காகவும் ஆனது. தன் சர்வர்களின் நெறிமுறைத் தகவல்களை மறைத்து வைத்து மைக்ரோசாஃப்ட் சந்தை அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் தீர்மானித்து, 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. சாம்பா அணியும் ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் ஆணையத்தின் பக்கம் நின்றன. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த டிசம்பரில், பத்தாயிரம் யூரோ ஒரேதரம் கட்டணம் செலுத்தி, சாம்பா அணியினர் ஆவணங்களைப் பெற்றார்கள். பதினைந்து வருஷம் ஒட்டுக்கேட்டே கற்ற இலக்கணம் எழுத்து வடிவில் கைக்கு வந்தது. தனியார் சொத்தாக்கப்பட்ட ஒரு மொழியைப் பொதுவுக்கு மீட்டதன் வரலாறாக இதைப் படிக்கலாம். அப்படித்தான் எல்லோரும் படிக்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகப் படுகிறது.

4

ட்ரிட்ஜெல்லும் ஜெரமி அல்லிசனும் இன்னும் பலரும் வெளியிட்டது சி மொழியில் எழுதிய மூலநிரல். அதை அப்படியே கொண்டுபோய் எங்கள் டி.டி.பி. கடைக்காரர் கையில் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அதை இயந்திரத்துக்குப் புரிகிறபடி மாற்ற வேண்டும். அது சார்ந்திருக்கிற மற்ற நிரல்கள் சரியான பதிப்பில் இருக்க வேண்டும். அமைப்புக் கோப்பு உரிய இடத்தில் போய் உட்கார வேண்டும். கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்து ஓட வேண்டும். புதுப் பதிப்பு ஏறும்போது கடைக்காரர் செய்துவைத்த மாற்றங்கள் அழியக் கூடாது. இத்தனையையும் முடித்து ஒரே கட்டாகக் கொடுப்பதற்குத்தான் பொதி என்று தமிழில் சிலர் பெயர்த்திருக்கிறார்கள். நல்ல சொல். மூட்டை என்ற பொருளும் அதற்கு உண்டு, பாரம் என்ற பொருளும் உண்டு.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இந்த வேலையையே தன் மையமாக வைத்துக்கொண்டது. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பொறுப்பாளர் அல்லது ஒரு சிறு குழு. பெரும்பாலும் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள். எது எங்கே இருக்க வேண்டும் என்று விலாவாரியாக ஒரு விதிநூல். ரெட் ஹாட் நிறுவனம் 1990களின் நடுவில் ஆர்.பி.எம். என்ற தன் பொதிமுறையைக் கொண்டுவந்தது. எழுதியவரின் நிரலுக்கும் பயன்படுத்துகிறவரின் கணினிக்கும் நடுவே, ஏடு பெயர்த்தவர்கள் நின்ற அதே இடத்தில், இவர்கள் நிற்கிறார்கள். பிழை வந்தால் வசவு முதலில் இவர்களுக்கு. பாராட்டு மேலே இருப்பவருக்கு.

இந்த வேலையின் மதிப்பு தெரிந்த தருணம் 2017 மே. சாம்பாவில் 2010இல் வந்த 3.5 பதிப்பு முதல் ஒரு ஓட்டை யார் கண்ணிலும் படாமல் இருந்துவந்திருந்தது. பகிர்ந்த கோப்புறையில் எழுத அனுமதி உள்ள ஒருவர், தன் நிரலை ஏற்றி அந்த சர்வரையே இயக்கிவிட முடியும். மே 24 அன்று சாம்பா அணி திருத்தத்தை வெளியிட்டது. டெபியன் மாதிரி இடங்களில் பொதி கட்டுகிறவர்கள் உடனுக்குடன் அதைத் தங்கள் பழைய பதிப்புகளுக்கும் ஒட்டுப்போட்டு அனுப்பினார்கள். அதே சாம்பாவை உள்ளே வைத்து அடைத்து மலிவு விலைக்கு விற்கப்பட்ட சேமிப்புப் பெட்டிகள் பலவற்றுக்கு அப்படித் திருத்தம் அனுப்ப ஆளில்லை. விற்றதோடு கம்பெனியின் கடமை முடிந்தது. நிரல் ஒன்றே, உரிமமும் ஒன்றே. ஒரு கணினி தப்பியதற்கும் இன்னொன்று திறந்து கிடந்ததற்கும் காரணம், நடுவில் ஒருவர் இருந்ததும் இல்லாததும்தான்.

5

இனி பெங்களூருக்கு வரலாம். ஆனந்த் பாபு பெரியசாமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தவர். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் ஊறியவர். அமெரிக்காவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்துக்காகத் தண்டர் என்ற மீக்கணினியைக் கட்டிய கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தார். 2004 ஜூன் உலகப் பட்டியலில் அது இரண்டாமிடத்தில் நின்றது. 2005இல் அவர் கூட்டாளியோடு தொடங்கிய நிறுவனம் க்ளஸ்டர் எஃப்.எஸ். என்ற கட்டற்ற கோப்பு முறைமையை உருவாக்கியது. குனு என்பதையும் தொகுதி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து அமைத்த பெயர். ஒரே ககரம் உள்ள நம் எழுத்தில் மூலச்சொல்லும் புதுச்சொல்லும் ஒன்றாகிவிடுகின்றன. கம்பெனி அலுவலகம் கலிபோர்னியாவில், பொறியாளர்கள் பெங்களூரில்.

சாம்பா ஒரு பெட்டியைப் பல பேருக்குத் திறந்துவிடுகிறது. க்ளஸ்டரோ சாதாரணப் பெட்டிகள் பலவற்றைச் சேர்த்து ஒரே பெரிய பெட்டியாகக் காட்டியது. எந்தக் கோப்பு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பதிவேடு வைத்திருக்கிற மைய இயந்திரம் ஒன்று இத்தகைய அமைப்புகளில் வழக்கமாக இருக்கும். அது படுத்தால் எல்லாம் படுத்துவிடும். க்ளஸ்டரில் அந்த மையமே கிடையாது. கோப்பின் பெயரை ஒரு கணக்கில் போட்டால், அது இருக்கும் இடம் விடையாக வரும். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அடுக்குகளுக்கு மொழிபெயர்ப்பான்கள் என்றே பெயர் வைத்திருந்தார்கள். மேலிருந்து வருகிற கோரிக்கையை ஒவ்வொன்றும் வாங்கி, தன் பங்குக்கு மாற்றிக் கீழே அனுப்பும். மையமழிப்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நம் கோட்பாட்டாளர்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

ஆனால் கட்டமைப்பில் மையம் இல்லையென்றால் உடைமையிலும் இருக்காது என்று அர்த்தமில்லை. 2011 அக்டோபரில் ரெட் ஹாட் அந்த நிறுவனத்தை ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. மூலநிரல் ஏற்கெனவே எல்லோருக்கும் இலவசம். அப்புறம் எதை வாங்கினார்கள்? நிரலைத் தெரிந்த ஆட்களை, பெயரை, பொதி கட்டி உத்தரவாதத்தோடு விற்கிற உரிமையை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தான் எவனுக்கும் இது விளங்கும். பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஆலைகள் இங்கே நிறைய. விலை சொல்வது அடைக்கிறவர். மரம் வளர்த்தவர் சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வர வேண்டியது. ஆகப் பொதி கட்டுவதிலும் இரண்டு வகை உண்டு. டெபியன் பொறுப்பாளர் சுமப்பது ஒரு பொதி. லேபிள் ஒட்டி ஆண்டுச் சந்தாவுக்கு விற்பது இன்னொரு பொதி. முதலாவதில் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, இரண்டாவதில் அது உபரியாக இன்னொருவர் கணக்கில் ஏறுகிறது. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது வகையில்தான் பெங்களூர்ப் பொறியாளர்களுக்கு மாதச் சம்பளம் வந்தது. சம்பளம் வந்த வருஷங்களில்தான் அந்த நிரல் வேகமாக வளர்ந்தது.

அதே விஷயத்துக்கு இன்னொரு முகம் உண்டு. ரெட் ஹாட் 2014இல் செஃப் என்ற போட்டிச் சேமிப்பு அமைப்பின் நிறுவனத்தையும் வாங்கியது. 2019இல் ரெட் ஹாட்டையே ஐ.பி.எம். வாங்கியது. க்ளஸ்டரை வைத்து ரெட் ஹாட் விற்றுவந்த சரக்கின் ஆயுள் 2024 டிசம்பர் 31ஓடு முடிந்தது. இதற்கிடையே பெங்களூரில் க்ளஸ்டரில் வேலை பார்த்திருந்த சிலர் கடலு என்ற பெயரில் அதை வேறு உருவில் தொடர முயன்றார்கள். கன்னடத்தில் கடலுக்குக் கடலு என்றே பெயர். நிரல் இன்றும் திறந்தே கிடக்கிறது, உரிமமும் செல்லும். யாரும் எடுக்கலாம். முழுநேரமாக எடுத்துக் கட்ட எத்தனை பேருக்குச் சோறு போடுகிற ஏற்பாடு இருக்கிறது என்பதுதான் பாக்கி.

6

பெரியசாமி 2014இல் வேறிருவரோடு சேர்ந்து மினியோ என்ற இன்னொரு கட்டற்ற சேமிப்பு வழங்கியைத் தொடங்கினார். இது கோப்புறைகளாக அல்லாமல் பொருள்களாகத் தரவைச் சேமிப்பது, என்றாலும் அதே குடும்பம். உலகம் முழுக்கப் பரவியது. தங்கள் நிரலை எடுத்து உரிமத்தை மதிக்காமல் விற்கிறார்கள் என்று சில பெரிய கம்பெனிகள்மீது அந்த நிறுவனம் குற்றம் சாட்டியது. 2021இல் இன்னும் கண்டிப்பான ஏ.ஜி.பி.எல். உரிமத்துக்கு முழுக்க மாறியது. 2025 மே மாதத்தில் இலவசப் பதிப்பின் நிர்வாகப் பக்கங்களை அகற்றியது. அக்டோபரில் இலவசப் பயனர்களுக்குக் கட்டித் தந்த பொதிகளை வெளியிடுவதை நிறுத்தியது. மூலநிரல் இருக்கிறது, வேண்டுமென்றால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்பது செய்தி. டிசம்பரில் அந்தப் பதிப்பைப் பராமரிப்பு நிலைக்கு மட்டும் ஒதுக்கியது.

உரிமத்தின் ஒரு சரத்தும் மீறப்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜி.பி.எல்.லும் அதன் வழிவந்தவையும் படிக்கிற, திருத்துகிற, பகிர்கிற உரிமையைக் காக்கின்றன. யாரோ ஒருவர் காலையில் எழுந்து நமக்காகப் பொதி கட்ட வேண்டும் என்று எந்த உரிமத்தாலும் சொல்ல முடியாது. அனுமதி வேறு, பராமரிப்பு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் கட்டற்ற மென்பொருள் பற்றிய நம் முற்போக்குச் சொல்லாடலின் பலவீனம் என்று நினைக்கிறேன்.

தமிழ் வரலாற்றில் இதற்கு நெருங்கிய சொல் குடிமராமத்து. ஏரி எல்லோருக்கும், தூர் எடுப்பதும் எல்லோரும். பாரூர் ஏரிப் பக்கம் வயதானவர்களைக் கேட்டால் அந்தக் காலம் மாதிரி வருமா என்பார்கள். நம் சூழலியலாளர்களும் சமூகக் கூட்டுறவின் பொற்காலமாக அதைக் காட்டுகிறார்கள். அது தானாக நடக்கவில்லை என்பதற்கு 1858ஆம் வருஷத்துச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டமே சாட்சி. வராதவரிடம் பணம் வசூலிக்க வழிசெய்த சட்டம் அது. ராத்திரி மடை திறந்து, வரப்பில் நடந்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டி பல ஊர்களில் தலித்தாக இருந்தார். அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் அவருக்கென்று காணி இல்லாததும் வழக்கம்தான். ஏரி பொது என்றார்கள். அதன் வேலை பொதுவாக இல்லை, அது ஒரு சாதியின் தலையில் இருந்தது. பொதுமையைக் கொண்டாடும்போது நீர்க்கட்டியை மறந்துவிடுகிற அதே பார்வைதான் திறமூலத்தைக் கொண்டாடும்போது பொதி கட்டுகிறவரை மறந்துவிடுகிறது. இரண்டும் ஒரே தரத்துக் கொடுமை என்று நான் சொல்லவில்லை. மறைப்பின் அமைப்பு ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான்.

7

நம் பக்கத்தில் என்ன நடந்தது? சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007இல் பாஸ் என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு ஏற்றபடி செய்த பொதி வேலை அது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு பாஸும் ஏற்றித்தான் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பையன்களிடமும் அது வந்தது. பெட்டியைத் திறந்து பாஸ் பக்கம் போனவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். கற்றுத்தர ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை, கோளாறு வந்தால் கேட்க ஆளில்லை. "சார், அதுல கேம் ஓடாது" என்பதோடு விஷயம் முடிந்தது. வினியோகம் நடந்தது, அதைப் பயன்படுத்தவும் பழுதுபார்க்கவும் ஒரு சமூகம் உருவாகவில்லை.

சிற்றிதழ் நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் பிடிபடும். பல இதழ்கள் நின்றுபோனது எழுத ஆளில்லாததால் இல்லை. சந்தா விலாசத்தைச் சரிபார்த்து, ரேப்பர் ஒட்டி, தபால்தலை வாங்கி, கட்டைச் சுமந்துபோகிற ஒருத்தருக்கு வேலை மாற்றமோ கல்யாணமோ ஆகிவிட்டதால். அந்த ஒருத்தரின் பெயர் இதழின் உள்ளட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும், பல சமயம் அதுவும் இருக்காது.

ஆகவே இயக்கங்களில் இருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது சிறிய விஷயம். உங்கள் அலுவலகத்திலும் அச்சகத்திலும் சாம்பாவோ வேறெதுவோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பொதியை யார் கட்டுகிறார் என்று பாருங்கள். பெயர் அதிலேயே எழுதியிருக்கும். பிழை கண்டால் திட்டாமல், என்ன செய்தபோது வந்தது என்று எழுதி அனுப்புங்கள். உங்களில் கணினி தெரிந்த ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாளை இந்த வேலைக்கென்று விட்டுக்கொடுத்து, அந்த நாளையும் கட்சி வேலையாகவே கணக்கில் எழுதுங்கள். கூலியோடு. பொதுச்சொத்து என்று மேடையில் பேசுவதற்கு முன் அதன் மராமத்துக் கணக்கைக் கேட்கிற பழக்கம் வந்தால் நல்லது. ஏரிக்கும் அது பொருந்தும், இதழுக்கும் பொருந்தும், மூலையில் தூசி படிந்து கிடக்கிற அந்தப் பெட்டிக்கும் பொருந்தும்.